ஒன்பது கரித்துணிகள்

பிள்ளைகளா, போன வாரம் ஒட்டுப்போர்வையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துச் சண்டை போட்டீர்களே, அப்போது சின்னவன் ஒரு கேள்வி கேட்டான். "இத ஏம்ப்பா கரித்துணிப் போர்வைன்னு சொல்லுதீய?" அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அடுப்பிலிருந்து சுடுபாத்திரம் இறக்கப் பிடிக்கும் துணிக்கும் பிள்ளை போர்த்தும் போர்வைக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்குக் குழப்பம். வாயால் சொன்னால் அவசரத்தில் பாதியை விட்டுவிடுவேன். அதனால் எழுதியே தருகிறேன்.

மூத்தவளே, அப்போது நீ அம்மா வயிற்றில் ஏழு மாதம். உனக்கு முன்னால் ஒரு பிள்ளை வந்து தங்காமல் போனதை அம்மாவே உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அந்தத் தடவை நாங்கள் இரண்டு பேரும் ஆசை தாங்காமல் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டோம். பிறகு அந்தச் சாமான்களை வீட்டில் வைத்துக்கொண்டு உங்கள் அம்மா பட்ட பாடு பெரிது. அதை இங்கே எழுத எனக்கு மனசில்லை. நீ வயிற்றில் இருப்பது தெரிந்த அன்றைக்கே அவள் வீட்டில் ஒரு சட்டம் போட்டாள்.

"பிள்ள பொறந்து அழுத சத்தத்த என் காதால கேக்க முந்தி, பிள்ளைக்குன்னு ஒரு நூல்கூட இந்த வாசலத் தாண்டி வரக் கூடாது."

"பேராவது யோசிக்கலாமாட்டி?"

"அதுவும் கூடாது."

நான் தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டிய தலை நின்றது, கை நிற்கவில்லை. தையல்காரன் கை அல்லவா? எந்தத் துணியைப் பார்த்தாலும் இது சட்டைக்குக் காணும், இது குல்லாவுக்குக் காணும் என்று விரல் அளக்கத் தொடங்கிவிடும். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற ரோட்டில் என் கடை. சீசன் வந்துவிட்டால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பாறையில் வழுக்கி பேண்ட்டைக் கிழித்துக்கொண்டு வருவார்கள்; முழு பேண்ட்டைக் கொடுத்து, "இத இப்பமே அரைக்காலா வெட்டித் தாங்க, குளிக்கணும்" என்று நிற்பார்கள். வேலை முடிந்தால் காலடியில் துண்டுத்துணி மலையாகக் கிடக்கும்.

நீ பிறக்க வேண்டியது ஆடி நடுவில். ஆடி மாதத்தில் நம் ஊர் இலஞ்சி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். திங்கள்கிழமை துவைத்த துண்டு வியாழக்கிழமையும் ஈரமாகத்தான் இருக்கும். மலையிலிருந்து காற்று வரும், கூடவே சாரல் வரும், சுவர்கூடச் சில்லென்று இருக்கும். அந்தக் குளிரில் வந்து விழப்போகிற பிள்ளைக்குத் தடிமனாக ஒன்று வேண்டாமா? நாள் முழுக்க இதே நினைப்பு. பட்டன் வைக்க வேண்டிய இடத்தில் கொக்கி வைத்தேன்.

ஒருநாள் பக்கத்துக் கடை அக்கா, உட்காரும் ஸ்டூலில் போட்டுக்கொள்ள, ஜாக்கெட் வெட்டி மிஞ்சிய பிட்டுகளை ஒட்டவைத்து ஒரு சதுரத்துணி தைத்துக்கொண்டிருந்தாள். அந்த அக்கா பெண்கள் துணி தைக்கிறவள். கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்த்தார். அவள் தைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திடீரென்று எனக்குள் பட்டாசு வெடித்தது.

"அக்கா! இது போர்வையா?"

"என்ன தம்பி கேக்கீய? ஸ்டூலுக்குத் துணி. இதப் போத்துனா மூக்கு மட்டும்தான் மூடும்."

"இதே மாதிரி ஒம்பது தச்சா?"

"ஒம்பது ஸ்டூலுக்குத் துணி."

"ஒம்பதையும் சேத்துட்டா?"

அக்கா மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டுச் சட்டம் அவளுக்கும் தெரியும். "ஏ தம்பி, கள்ளத்தனம் பண்ணப் பாக்கீயளா?"

"இல்லக்கா! சேக்காம இருக்கற வரைக்கும் அது துண்டுதான. போர்வை கெடையாது, பிள்ளைக்கும் கெடையாது. பிள்ளை அழுத பெறவு சேத்துக்கிடலாம். சட்டத்த நான் மீறவே இல்லயே!"

"அவ கேட்டா?"

"கரித்துணின்னு சொல்லிருவேன்."

அக்கா சிரித்த சிரிப்பில் ரோட்டில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "நல்ல கரித்துணி! ஒங்க வீட்டுல என்ன, ஒம்பது அடுப்பா எரியுது?"

சிரித்தாலும், அன்றைக்குச் சாயங்காலமே ஒரு பை நிறையப் பிட்டுத்துணி கட்டிக் கொடுத்தாள்.

முதல் சதுரத்தை ஒரே மூச்சில் தைத்தேன். பச்சை, சிவப்பு, மாம்பழ நிறம் என்று முக்கோணமும் சதுரமுமாக வைத்து, அடியில் என் பழைய வேட்டியில் கிழித்த துணியைக் கொடுத்து, பெரிய ஆள் மாதிரி தைத்து முடித்து மேஜையில் விரித்தேன். அது விரியவில்லை! பொரித்த அப்பளம் மாதிரி நடுவில் உப்பிக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் எழும்பியது. இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினேன். எடுத்ததும் மறுபடி எழுந்தது.

அக்கா வந்து பார்த்தாள். "இருவது வருசமா மிஷின மிதிக்கீய. கைக்குழி வெட்டுன துண்ட எடுத்துத் தச்சிருக்கீயளே!"

அப்போதுதான் உறைத்தது. ஜாக்கெட்டில் கை வைக்கிற இடத்தில் வளைத்து வெட்டிய துண்டுகள் அவை. துணியின் நூல் அதில் சாய்வாக ஓடும். இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். புதிதாக வேலைக்கு வந்தவனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற சங்கதி இது. உன்னை நினைத்துக்கொண்டு தைத்ததில் நூல் போகிற திசையைக்கூட நான் பார்க்கவில்லை. அத்தனையையும் பிரித்தேன். பிரிக்கும்போதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இரண்டாம் தடவை ஒவ்வொரு துண்டையும் இழுத்துப் பார்த்து எடுத்தேன். நீளாததை மட்டும் வைத்துக்கொண்டேன். கடையநல்லூர் தறியில் நெய்த கைலித்துண்டு அக்கா கொண்டுவந்தாள். என்ன அழகான கட்டம்! ஆனால் அதில் சிவப்புச் சாயம் விடும். பிள்ளையின் தோலில் சாயம் ஒட்டினால்? உப்புத்தண்ணீரில் ஊறவைத்து, அலசி, மறுபடி ஊறவைத்து, வெள்ளைத் துண்டால் தேய்த்துப் பார்த்தேன். தேய்த்த துண்டு வெள்ளையாகவே வரும்வரை விடவில்லை. அலசியதையெல்லாம் கடைக்குள் கயிறு கட்டி மின்விசிறிக்கு நேராகக் காயப்போட்டேன். குளிக்க வந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, உள்ள கோயில் கொடையா? தோரணம்லாம் கட்டியிருக்கு?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி, இன்னும் ரெண்டு மாசத்துல பெரிய கொடை" என்றேன். வாய் அடங்கவில்லை எனக்கு.

கடைக்குள் வைத்தால் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் தைத்த முதல் சதுரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், அளவு நோட்டுகள் வைக்கிற டிரங்குப் பெட்டியின் அடியில் ஒளித்தேன். மறுநாள் காலையில் அது அம்மா கையில் இருந்தது.

"என்னது இது?"

"கரித்துணி."

அவள் அதைத் திருப்பினாள். பின்பக்கம் பார்த்தாள். நான்கு ஓரத்தையும் விரலால் தடவினாள். கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும்? திட்டினால்கூடப் பரவாயில்லை. பழைய நினைப்பு வந்து அவள் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால்? அந்த மாதிரி ஒரு வருஷம் இருந்தவள் அவள். என் ஆசைக்கு அவளை மறுபடி அங்கே தள்ளிவிடுவேனோ என்று பயந்து நின்றேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். நேராக விறகடுப்புக்குப் போனாள். கொதிக்கிற உலைப்பானையை அந்தச் சதுரத்தால் பிடித்து இறக்கினாள்.

பிள்ளைகளா, என் நெஞ்சு எப்படிப் பதறியது தெரியுமா? கட்டத்துக்குக் கட்டம் பொருத்தி, மூன்று நாள் உட்கார்ந்து தைத்தது! அதில் பானைக்கரி! என்ன சொல்ல முடியும்? கரித்துணி என்று சொன்னவனே நான்தானே.

அதற்குப் பிறகு ஒளிக்கவில்லை. தைத்து முடித்ததை நேராகக் கொண்டுபோய் அவள் கையிலேயே கொடுத்தேன். "இன்னொரு கரித்துணி" என்பேன். "ஆங்" என்று வாங்கிக்கொள்வாள். ஒன்றால் தோசைக்கல்லைப் பிடிப்பாள். ஒன்றைக் குக்கரின் அடியில் போடுவாள். நான் ரொம்ப ஆசைப்பட்டுத் தைத்த மாம்பழ நிறச் சதுரத்தில் மஞ்சளைக் கொட்டினாள். பச்சைக்கட்டம் போட்டது கேஸ் அடுப்பில் பட்டு ஒரு மூலை பழுப்பாகிவிட்டது. தினமும் அத்தனையையும் சோப்புப் போட்டு, கல்லில் அடித்து, பிழிந்து, அடுப்புக்கு மேலே கயிற்றில் காயப்போட்டாள். துணி துவைக்கிறாளா, துணியின் மேல் கோபத்தைக் காட்டுகிறாளா என்று புரியவில்லை.

அக்காவிடம் புலம்பினேன். "ஒம்பது முடியறதுக்குள்ள முதலாவது கிழிஞ்சிரும் போலுக்கே!"

"கிழிஞ்சா இன்னொண்ணு தைங்க. பிட்டுக்கா பஞ்சம்?" என்றாள்.

ஒன்பதையும் முடித்தேன். நீ வர ஒரு வாரம் இருந்தது. ஒருநாள் கடையிலிருந்து வந்து பார்க்கிறேன், அடுப்புக்கு மேலே கயிறு வெறுமையாகக் கிடந்தது. குக்கரை அம்மா பழைய சாக்குத்துணியால் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"கரித்துணியெல்லாம் எங்கட்டி?"

"அதுக்கென்ன இப்போ? சாப்பிட வாங்க."

தூக்கிப் போட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. கேட்கவும் முடியாது. கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். நீ நல்லபடியாக வந்தால் போதும், போர்வை கிடக்கட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

நீ பிறந்தது தென்காசி ஆஸ்பத்திரியில், காலை ஒன்பதே காலுக்கு. நான் வராந்தாவில் எத்தனை தடவை நடந்தேனோ தெரியாது. கதவைத் திறந்துகொண்டு உங்கள் பெரியம்மா, அம்மாவுக்கு அக்கா, வெளியே வந்தாள். முகமெல்லாம் பல்.

"பொம்பளப் பிள்ள! என்னா சத்தம் போடுதா தெரியுமா! அவளும் நல்லாருக்கா!"

எனக்கு உட்காரவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. உள்ளே விட்டதும் ஓடினேன். நீ ஒரு பழைய சேலைத் துணியில் சுற்றி, சிவப்பாக, கையை முறுக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாய். மெல்லிய துணி. ஜன்னலுக்கு வெளியே சாரல் வீசியது. அம்மா கண்ணை மூடி உன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"கேட்டீயளா?"

"கேட்டேன்."

"அப்போ இன்னும் ஏன் நிக்கீய? போயி அந்த ஒம்பதையும் சேத்துக் கொண்டாங்க."

"எந்த ஒம்பது?"

"எந்த ஒம்பதா? ஓரம் மடிக்காம, நாலு பக்கமும் அர இஞ்சு விட்டு எந்தத் தையக்காரனாவது கரித்துணி தைப்பானா? மொதத் துணியத் தொட்டப்பமே எனக்குத் தெரியும்."

ஆமாம்! பக்கத்துத் துண்டோடு சேர்க்க வேண்டும் என்று நான்கு பக்கமும் தையலுக்கு அரை இஞ்சு விட்டு வைத்திருந்தேன். கரித்துணி என்றால் ஓரத்தை மடித்து முடித்திருக்க வேண்டும். இந்தப் பொய்யைத் தையல்காரன் பொண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறேன்.

"தெரிஞ்சுமா பானை எறக்குன?"

"பின்ன? பெட்டிக்குள்ள மடிச்சு வச்சா அது பிள்ளைக்கின்னு காத்துக் கெடக்கும். அத என்னால பாக்க முடியாது. கரித்துணியா கையில கெடந்தா எனக்குப் பயமில்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "பொறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடுவாங்களா? பிட்டுன்னாலும் கஞ்சி வெறப்பு. அதான் அடிச்சுத் தொவச்சேன். பூவாட்டம் ஆயிருக்கு. சோடா உப்பு போட்டு அவிச்சு, வெயிலு அடிச்ச அன்னைக்குக் காயவச்சு, அரிசி டிரம்முக்கு மேல வச்சிருக்கேன். என் நீலச் சேலையையும் எடுங்க, அடியில குடுக்க. அப்பறம் இன்னொண்ணு..."

அந்த இன்னொன்றை நான் கேட்கவில்லை. படியிறங்கி ஓடிவிட்டேன்.

தென்காசியிலிருந்து இலஞ்சி. அரிசி டிரம்முக்கு மேலே வெள்ளைத் துணியில் கட்டிய பொட்டலம். அதையும் நீலச்சேலையையும் மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு இலஞ்சியிலிருந்து குற்றாலம். அன்றைக்கென்று பார்த்து ரோடு முழுக்க வேன், கார், தலையில் எண்ணெயோடு நடக்கிற கூட்டம். "வழி விடுங்க அண்ணாச்சி, பிள்ள பொறந்திருக்கு!" என்று ஹாரனுக்குப் பதிலாகக் கத்திக்கொண்டே வண்டி ஓட்டினேன். விலகினார்கள். ஒருத்தர் கையைக்கூடத் தட்டினார்.

அக்கா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ஜாக்கெட்டை அப்படியே போட்டாள். "அழுதாச்சா?"

"அழுதாச்சுக்கா!"

"அல்லாவே! குடுங்க இங்கன!"

மேஜையில் பொட்டலத்தைப் பிரித்தோம். தொட்டால் துணியா, வெண்ணெயா என்று இருந்தது. ஒன்று, இரண்டு என்று அடுக்கினோம். எட்டு! மறுபடி எண்ணினோம். எட்டுதான்! பெரியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஓடுத ஓட்டத்துல முழுசாக் கேட்டாத்தான? ஒம்பதாவது இங்க வெந்நீ பிளாஸ்க்கச் சுத்திக் கெடக்கு. அதச் சொல்ல வாயத் தெறந்தா ஆளக் காணும்!"

திரும்பிப் போய் எடுத்து வர நேரமில்லை. நீ குளிரில் கிடக்கிறாய். "நடுவுல எடம் விட்டுத் தச்சிருவமா?" என்றேன்.

"புத்தி போகுது பாரு. நடுவுல ஓட்டைய வச்சா ஆஸ்பத்திரில மிஷினா வச்சிருக்காங்க? மூலைய விடுங்க. கையூசியில ரெண்டு பக்கம் தச்சா முடிஞ்சுது."

மூன்று சதுரம் சேர்ந்த ஒரு வரிசையை அவள் எடுத்தாள், ஒன்றை நான் எடுத்தேன். கரண்ட் இல்லை. இரண்டு மிஷினையும் காலால் மிதித்தோம். வாசலில் கிழிந்த பேண்ட்டோடு நின்ற மூன்று பேரிடம், "பிள்ளைக்குப் போர்வை, பெறவு வாங்க" என்றாள் அக்கா. அவர்கள் போகவில்லை. நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், "கட்டம் கோணுது, கோணுது!" என்று எனக்கே சொல்லிக் கொடுத்தார். நீலச்சேலையை அடியில் கொடுத்து, சுற்றி மடித்து அடித்து, கடைசி நூலைக் கடிக்கும்போது நான் தொப்பலாக வேர்த்திருந்தேன், அந்தக் குளிரிலும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வழிமறித்தார். போர்வையை விரித்துக் காட்டினேன். மூலையில் மட்டும் நீலச்சேலை தெரிந்தது. "சேலையா, போர்வையா இது?" என்றவர், "பத்து நிமிசம்" என்று விட்டுவிட்டார். பிளாஸ்க்கிலிருந்து ஒன்பதாவது துணியை உருவினேன். மூலை கருகிய அந்தப் பச்சைக்கட்டம்தான். வெதுவெதுவென்று இருந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து கையூசியால் தைத்தேன். தையல் கோணலாகப் போனது. "பெரிய தையக்காரரு" என்றாள் பெரியம்மா. அம்மா ஊசி போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன்னை அதில் வைத்துச் சுற்றியதும் கத்தலை நிறுத்திவிட்டாய். அம்மா உன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். திடீரென்று என்னைப் பார்த்து, "நோட்டு இருக்கா?" என்றாள்.

சட்டைப்பையில் அளவு நோட்டு இருந்தது. யாரோ ஒருவருடைய இடுப்பளவுக்குக் கீழே எழுதத் தொடங்கினேன்.

"குல்லா ரெண்டு. காலுக்குச் சாக்ஸ். கொசுவல. தொட்டிலுக்குக் கம்பு. கிலுகிலுப்ப."

"கிலுகிலுப்பைய ஆட்ட மூணு மாசமாவது ஆவுமே?"

"ஆகட்டும். வாங்கி வைங்க."

வாங்கி வைங்க! அந்த வீட்டில் எட்டு மாதமாக யாரும் சொல்லாத வார்த்தை. நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் நிறுத்தவில்லை.

"பல்லு மொளச்சா கடிக்கதுக்கு ஒண்ணு. மஞ்சக் கவுனு ஒண்ணு, ஒரு வயசுக்குச் சேருத மாதிரி. எழுதுதீயளா, என் மூஞ்சியப் பாக்கீயளா? நடவண்டி எழுதுங்க. மரத்துல செஞ்சது. அப்பறம் பேரு யோசிக்கணும். ஒரு பத்துப் பேரு எழுதுங்க, நான் சொல்லுதேன்."

பெரியம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நர்ஸ் வந்து, "பத்து நிமிசம் ஆச்சு" என்றார். "இன்னும் ரெண்டுதான்" என்று அம்மா சொன்னாள். இரண்டு சொல்லவில்லை, ஏழு சொன்னாள்.

நடைவண்டியை அன்றைக்குச் சாயங்காலமே வாங்கிவிட்டேன்.